மாராவுக்குப் பெயரிட்டவர்

உ
பருத்தித்துறை
18.08.2025

மதிப்புக்குரிய ஞானாம்பிகை அம்மா அவர்களுக்கு,

நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். போன செவ்வாய்க்கிழமை காலையில் உங்களுக்குத் தொலைபேசி எடுத்தது நான்தான். "தெரியாத ஆக்களோடை நான் போனிலை கதைக்கிறேல்லை. விசயம் இருந்தா எழுதுங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் குறைவு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் மாரா. வயது அறுபத்தாறு. நீங்கள் படித்த கொன்வென்றில்தான் வளர்ந்தேன். பிறந்து சில நாட்களில் என்னை நோயாளர் அறை வாசலில் யாரோ விட்டுவிட்டுப் போனார்களாம். இருபத்திரண்டு வயதில் இந்த ஊர்க் கடற்றொழிலாளி ஒருவரைக் கல்யாணம் செய்து, சைவமாகி, இங்கேயே இருந்துவிட்டேன்.

என் மகன் மயூரதன் மூன்றரைத் தொன் போட் ஒன்று வாங்கியிருக்கிறான். அதற்கு என் பெயரை வைக்கவேண்டும் என்று ஒரே பிடிவாதம். புரட்டாதியில் வல்லிபுர ஆழ்வாரின் கடல் தீர்த்தம் முடிந்து வருகிற வெள்ளிக்கிழமை வெள்ளோட்டம். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. லெனாட் என்று எங்கள் போட்டுக்கு இயந்திரம் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். வேதக்காரர். ஞாயிறு தவறாமல் மாதா கோவிலுக்குப் போகிறவர். அவர் ஒரு நாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டு, "மாமி, உங்கடை பேருக்கு என்ன கருத்தெண்டு தெரியுமே? கசப்பு" என்றார். பகிடிக்குச் சொன்னதுதான். ஆனால் பக்கத்தில் இருந்த இரண்டு பொடியன்மார் சிரிக்கவில்லை. மறுநாள் வந்து, அந்தப் பெயர் எழுதின போட்டில் தாங்கள் ஏறமாட்டோம் என்று மயூரதனுக்குச் சொல்லிவிட்டார்கள்.

அம்மா, என் பெயர் என்னைப் பெற்றவள் வைத்தது என்றுதான் நான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டேன். போன மாதம் கொன்வென்றுக்குப் போய்க் கேட்டேன். பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்கள். "பெயரிட்டவர்" என்ற இடத்தில், "ஞானாம்பிகை, எட்டாம் வகுப்பு" என்று எழுதியிருந்தது. உங்கள் முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் அவர்கள்தான் தேடித் தந்தார்கள்.

எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். இந்தப் பெயரை என்ன மனதோடு வைத்தீர்கள்? நல்ல மனதோடு வைத்த பெயர் என்றால் அதன் கருத்து என்னவாக இருந்தாலும் கடலுக்கு அனுப்புவேன். இல்லையென்றால் என் பிள்ளையை அதில் ஏற்றமாட்டேன்.

பதிலைப் பார்த்திருக்கும்,
மாரா பரமலிங்கம்

*

உடுவில்
26.08.2025

அன்புடையீர்,

உங்கள் கடிதம் கிடைத்தது. கையெழுத்து தெளிவாக இருந்தது. முகவரியை உறையின் பின்பக்கத்திலும் எழுதுவது நல்லது. மழைக்காலத்தில் தபால்கள் நனைகின்றன.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அது எபிரேய மொழிப் பெயர். அந்த மொழியில் கசப்பைக் குறிக்கும் வேர் ஒன்றிலிருந்து வந்தது. உங்கள் இயந்திரக்காரர் சொன்னது சரி. வேதாகமத்தில் நகோமி என்றொரு பெண் பஞ்சத்துக்குப் பயந்து கணவனோடும் இரண்டு ஆண்பிள்ளைகளோடும் அயல்நாட்டுக்குப் போகிறாள். அங்கே மூவரும் இறந்துபோகிறார்கள். பல வருடங்களின் பின் அவள் ஊர் திரும்பும்போது பெண்கள் கூடிவந்து, "இவள் நகோமியோ?" என்று கேட்கிறார்கள். நகோமி என்றால் இனிமையானவள். அவள், "என்னை இனி அப்படிக் கூப்பிடாதீர்கள், மாரா என்று கூப்பிடுங்கள்" என்கிறாள். பெயரின் பிறப்பிடம் இதுதான்.

மரியாள் என்ற பெயரும் இதே வேரிலிருந்து வந்தது என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. இல்லை, அது எகிப்திய மொழியில் அன்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்போரும் உண்டு. முடிவாகத் தெரியாது. எனவே உங்கள் ஆட்கள் பயப்படுவதாயிருந்தால் உலகத்து மரியாள்களில் பாதிப் பேருக்குப் பயப்படவேண்டியிருக்கும் என்று அவர்களிடம் சொல்லலாம்.

பதிவேட்டில் உள்ள ஞானாம்பிகை நான்தான். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. வேதபாடத்தில் கெட்டிக்காரி என்பதால் மதர் என்னைக் கேட்டார். நான் ஒரு பெயர் சொன்னேன். சுருக்கமான பெயர், சொல்ல எளிது, வேதத்தில் உள்ளது. வேறு காரணம் எதுவும் நினைவில் இல்லை.

போட்டுக்கு வேறு பெயர் வைப்பதில் என்ன தடை? அம்மன் பெயர்கள் எத்தனையோ இருக்கின்றன. இத்துடன் இந்த விடயம் முடிந்ததாகக் கொள்கிறேன்.

இங்ஙனம்,
திருமதி ஞா. கனகரத்தினம்

*

உ
பருத்தித்துறை
03.09.2025

மதிப்புக்குரிய அம்மா,

உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். நகோமியின் கதையை எனக்குச் சின்ன வயதில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், மறந்துபோனேன். ஆனால் "நினைவில் இல்லை" என்று நீங்கள் எழுதிய இடத்தில் மை தடித்திருக்கிறது. பேனையை அங்கே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்திருக்கிறீர்கள். இன்னொன்றும் கண்டேன். ஒரு தாள் முழுக்க என் பெயரைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். என்னை அந்தப் பெயரால் ஒரு இடத்திலும் கூப்பிடவில்லை.

வேதபாடத்தில் கெட்டிக்காரியான பிள்ளை கருத்துத் தெரியாமல் பெயர் வைத்திருக்குமா? எனக்குப் படிப்பில்லை, ஆனாலும் இவ்வளவு விளங்கும்.

நான் ஏன் விடாமல் கேட்கிறேன் என்று சொல்லவேண்டும். கல்யாணத்தின்போது என் மாமி பெயரை மாற்றச் சொன்னா. "வாய்க்குள்ளை நுழையாத பேர். உமா எண்டு வைப்பம்" என்றா. என் கணவர் சிரித்துக்கொண்டே, "எனக்கு உந்தப் பேரோடைதானணை பிடிச்சது. மாத்தினா வேறை ஆளைக் கட்டின மாதிரியெல்லோ இருக்கும்" என்றார். பெயர் அப்படியே நின்றது. பிறகு சோதனைச் சாவடிகள் வந்த காலத்தில் ஒரு சிங்களச் சிப்பாய் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தான். அவர்கள் பாசையில் அந்தப் பெயர் யமன் மாதிரி ஒன்றாம். அதற்கும் நான் சிரித்துவிட்டுத்தான் வந்தேன்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு கார்த்திகையில் என் கணவர் கடலுக்குப் போனார். வரவில்லை. போட்டும் வரவில்லை. மயூரதனுக்கு ஏழு வயது. எட்டாம் நாள் மாமி எல்லாருக்கும் முன்னால் என்னைப் பார்த்து, "உன்ரை பேர்தானடி அவனை விழுங்கினது" என்றா. அவவுக்குக் கருத்துத் தெரியாது. சும்மா ஆத்திரத்தில் வந்த வார்த்தை. நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன். முப்பத்துமூன்று வருடம் கழித்து லெனாட் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று சொன்னபோது மாமியின் குரல்தான் எனக்குக் கேட்டது.

இந்த நாட்களில் விடியலில் எங்கள் கரையில் கடலும் வானமும் ஒரே நிறமாக இருக்கும். நடுவில் கோடு இருக்காது. வருகிற போட் தண்ணீரில் வருகிறதா, மேலே வருகிறதா என்று தெரியாது. நான் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் வருவார் என்று இல்லை. அது தெரியும். ஆனால் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு மாதிரி, நித்திரைக்கும் விழிப்புக்கும் நடுவில் நிற்கிற மாதிரி இருக்கும். இப்போது அங்கேயும் நிற்க முடியவில்லை. என் பெயரை எழுதின போட் அந்தக் கோடில்லாத இடத்துக்குள் போவதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

அம்மா, உண்மையைச் சொல்லுங்கள். அது என்னவாக இருந்தாலும் பரவாயில்லை.

மாரா

*

உடுவில்
14.09.2025

அன்புடையீர்,

உங்கள் கடிதத்துக்கு மூன்று பதில்கள் எழுதிக் கிழித்தேன். நான் முப்பத்துநான்கு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள். பிள்ளைகளின் கட்டுரைகளில் பொய்யான வரி எது என்று பார்த்தவுடன் சொல்லுவேன். என்னுடைய முதற் கடிதத்தில் அப்படி ஒரு வரி இருந்தது. நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். எழுதியவளுக்கு இது எளிதில் விழுங்கக்கூடிய விடயம் அல்ல.

நடந்தது இது.

சைவப் பிள்ளைகளுக்கு வேதபாடம் கட்டாயம் இல்லை. அந்த நேரத்தில் எங்களைத் தையல் அறைக்கு அனுப்புவார்கள். எனக்குத் தையல் பிடிக்காது. மதரிடம் கேட்டு வேதபாட வகுப்பில் கடைசி வாங்கில் இருந்துகொண்டேன். அந்தக் கதைகள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கருத்து, ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு கதை. ஒரு அப்பியாசக் கொப்பி முழுக்கப் பெயர்களாக எழுதி வைத்திருந்தேன். ஆண்டுப் பரீட்சையில் தொண்ணூற்றுநான்கு புள்ளி. முதலாம் இடம். பிலோமினா எண்பத்தொன்று.

பரிசுப் பட்டியலைப் பலகையில் ஒட்டினார்கள். வேதபாடத்துக்கு நேரே பிலோமினாவின் பெயர் இருந்தது. நான் மதரிடம் போனேன். அவர் அன்பான மனுஷி, அதை இப்போது சொல்லத்தான் வேண்டும். "ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு அந்தப் பரிசைக் கொடுக்க எங்களுக்கு அனுமதி இல்லை, மகளே" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உனக்கு வேறொரு பரிசு தருகிறேன். இன்று காலை நமக்கு ஒரு குழந்தை கிடைத்திருக்கிறது. நாலு மணிக்கு ஞானஸ்நானம். பெயரை நீயே தெரிவு செய்" என்றார்.

என் கொப்பியில் நூற்றுக்கு மேல் பெயர்கள் இருந்தன. சமாதானம், கிருபை, தேன், விடிவெள்ளி என்று கருத்து வரும் பெயர்கள் எல்லாம் இருந்தன. நான் கொப்பியைத் திறக்கவேயில்லை. "மாரா" என்றேன். மதருக்கு அதன் கருத்துத் தெரியும். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு வேதத்தில் உள்ள எந்தப் பெயரும் நல்ல பெயர்தான் என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

அது உங்களுக்கு வைத்த பெயர் அல்ல. நகோமி தனக்குத் தானே வைத்துக்கொண்டது போல, நான் எனக்கு வைத்துக்கொண்ட பெயர். அன்றைக்கு என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். அதை இறக்கி வைக்க ஒரு இடம் தேவைப்பட்டது. நீங்கள் அங்கே இருந்தீர்கள்.

இன்னொன்று. அதை அப்போதே கவனித்திருக்கவேண்டும், தொண்ணூற்றுநான்கு புள்ளி எடுத்தவள். அந்தக் கதையில் நகோமி அப்படிக் கேட்ட பிறகும் யாரும் அவளை மாரா என்று கூப்பிடுவதில்லை. ஊர்ப் பெண்கள் கூப்பிடவில்லை. அவளோடு கூட வந்த மருமகள் கூப்பிடவில்லை. கதையை எழுதியவர்கூடக் கடைசி வரை நகோமி என்றுதான் எழுதுகிறார். அவள் கேட்டதை அவளைச் சுற்றியிருந்தவர்கள் கேளாதது போல விட்டுவிட்டார்கள். அதுதான் அவர்கள் அவளுக்குச் செய்த நன்மை. யாருக்கும் ஒட்டாமல் போன அந்தப் பெயரை எடுத்துத்தான் நான் உங்களுக்கு இட்டேன்.

உங்கள் கணவரைக் காற்றும் கடலும் கொண்டுபோயின. பெயருக்கு அந்தப் பலம் இல்லை. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. ஆனாலும் போட்டில் அந்தப் பெயரை எழுதவேண்டாம். நகோமி என்று எழுதுங்கள். இனிமை. அறுபத்தாறு வருடம் பிந்திய திருத்தமாக அதை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து மத்தியானத்தில் கண்ணயரும்போது கொன்வென்றின் நீண்ட விறாந்தையில் நடக்கிறேன். தரையில் மெழுகு மணம். வெயில் சட்டம் சட்டமாக விழுந்து கிடக்கிறது. யாரோ இடாப்புக் கூப்பிடுகிறார்கள். பெயர்கள் கேட்கின்றன, பதில்கள் கேட்பதில்லை. விழித்தால் நாலு மணியாக இருக்கிறது.

ஞா. கனகரத்தினம்

*

உ
பருத்தித்துறை
23.09.2025

அம்மா,

உடனே பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் நல்லதாக எழுதியிருக்கமாட்டேன்.

மூன்று நாள் எனக்கு உங்கள் மேல் வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மயூரதன், "என்னணை, கறிக்கு உப்பும் இல்லை, ஆளும் இல்லை" என்றான். யாரோ ஒரு பிள்ளைக்குப் பரிசு கிடைக்காததை நான் அறுபத்தாறு வருடம் சுமந்திருக்கிறேன். அதற்காக நான் என் மாமியிடம் பேச்சுக் கேட்டிருக்கிறேன். பெற்றவள்தான் இல்லையென்றால், பெயராவது என்னைப் பார்த்து வைத்ததாக இருக்கக்கூடாதா என்று நினைத்தேன்.

நாலாம் நாள் நகோமி என்று ஒரு கடதாசியில் எழுதிப் பார்த்தேன். வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தேன். அது வேறு ஒருத்தி, அம்மா. அவளை எனக்குத் தெரியாது. அவளுக்குக் கல்யாணத்தில் யாரும் பரிந்து பேசவில்லை. அவள் பிள்ளைக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு இருக்கவில்லை. இதெல்லாம் மாராவுக்கு நடந்தவை.

பிறகு போட் கட்டியிருக்கிற இடத்துக்குப் போனேன். ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். நான் சொன்னேன், "ஓம், கசப்புத்தான். லெனாட் சொன்னது சரி. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கோவத்திலை வைச்ச பேர். அந்தக் கோவம் அண்டைக்குப் பின்னேரமே முடிஞ்சிருக்கும். மிச்சம் முழுக்க நான் நடத்தின சீவியம். உங்களிலை எத்தினை பேர் என்ரை கையாலை சாப்பிட்டிருக்கிறியள்? கசந்ததோ?"

லெனாட்தான், "மாமி, வேதத்திலை மாரா எண்டு ஒரு கசப்புத் தண்ணி இடமும் இருக்கு. அதுக்குள்ளை ஒரு மரத்தைப் போட உடனை தண்ணி இனிச்சுப் போச்சாம்" என்றார்.

மயூரதன், "அண்ணை, எங்கடை போட் பைபர். மரத்துக்கு எங்கை போறது?" என்றான். அப்போதுதான் எல்லாரும் சிரித்தார்கள். ஏறமாட்டோம் என்ற இருவரும்கூட.

அதனால் மாரா என்றே எழுதச் சொல்லிவிட்டேன். உங்கள் கோபம் உங்களுடையது, எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் என்னுடையது.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. போட் முதன்முதலாகத் தண்ணீரில் மிதக்கும்போது, பெயரிட்டவர் கரையில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவேண்டும். போட்டில் நிற்பவர்கள் "ஓம்" என்று பதில் கொடுக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் இயந்திரத்தை இயக்குவார்கள். மயூரதன் என்னைக் கூப்பிடச் சொல்கிறான். இந்தப் பெயரை வைத்தது நானோ அவனோ இல்லை. வெள்ளிக்கிழமை, ஐப்பசி மாதம் பத்தாம் திகதி என்று நினைத்துவிடாதீர்கள், ஒக்டோபர் பத்து. நீங்கள் வரவேண்டும்.

அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு நீங்கள் என்னைத் தூக்கினீர்களா? என் முகத்தைப் பார்த்தீர்களா?

மாரா

*

உடுவில்
29.09.2025

அன்புடையீர்,

தூக்கினேன். பார்க்கவில்லை.

நாலு மணிக்குச் சற்று முன் சிற்றாலயத்துக்கு வெளியே விறாந்தையில் நின்றேன். உள்ளே மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "பெயர் வைத்தவள் கொஞ்ச நேரம் வைத்திருக்கட்டும்" என்று மதர் உங்களை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனார். எனக்கு நேரே பரிசுப் பட்டியல் ஒட்டிய பலகை இருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பலகையில் எத்தனை ஆணிகள் இருந்தன என்று இன்றைக்கும் சொல்லுவேன். உங்களுக்கு விக்கல் எடுத்தது. பிறகு என் வெள்ளைச் சீருடையில் சூடாக ஈரம் ஊறியது. அன்று காலைதான் கஞ்சி போட்டு மினுக்கிய உடுப்பு. எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு சிஸ்டர் வந்து உங்களை வாங்கிக்கொண்டு போனார். கதவைச் சாத்தினார்கள். நான் ஞானஸ்நானம் பெறாதவள், உள்ளே போகமுடியாது.

இவ்வளவுதான். உங்களுக்கு ஒரு முகத்தை எழுதித் தர என்னால் முடியும். பெரிய கண்கள், சுருட்டை முடி, என் விரலைப் பிடித்த கை. கட்டுரை எழுதுவதில் நான் கெட்டிக்காரி. எழுதவும் தொடங்கினேன். ஆனால் நீங்கள் மை தடித்த இடத்தைக் கண்டுபிடிக்கிறவர். அதற்காக மட்டும் அல்ல; அந்த ஈரம் உண்மை. பக்கத்தில் ஒரு பொய்யை வைத்து அதைக் கெடுக்க விருப்பமில்லை.

உங்களைப் பெற்றவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. ஏதாவது துண்டு எழுதி வைத்திருந்தாரா என்றும் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

வெள்ளோட்டத்துக்கு நான் வருவது பொருத்தமாக இராது. நான் புருஷனை இழந்து பதினொரு வருடம். நல்ல காரியத்தில் முன்னுக்கு நின்று குரல் கொடுப்பது வழக்கம் அல்ல. நான் வழக்கங்களை மதிக்கிறவள். ஏற்கெனவே பயந்துபோயிருக்கும் ஆட்களுக்கு இன்னொரு காரணம் கொடுக்கவேண்டாம்.

ஞா. கனகரத்தினம்

*

உ
பருத்தித்துறை
04.10.2025

அம்மா,

நானும் தாலி இழந்தவள்தான். அப்படிப் பார்த்தால் என் பெயரையே போட்டில் எழுதக்கூடாது. எழுதியாயிற்று. பெயின்ற் காய்ந்தும்விட்டது.

ஐயர் பூசை செய்து முடிக்கும் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் வலைக் கொட்டிலுக்குப் பின்னால் நிற்போம். நானும் அங்கேதான் நிற்பேன். கூப்பிடுகிற நேரத்துக்கு மட்டும் முன்னால் வாருங்கள்.

நீங்கள் உண்மையை எழுதினீர்கள். அதை வாசித்துவிட்டு அன்று முழுக்கக் கரையில் இருந்தேன். நல்ல நித்திரை கொண்டு எழும்பினது போல இருந்தது. ஒருவர் கையிலாவது இருந்திருக்கிறேன்.

வராவிட்டால் ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். நான் விடமாட்டேன்.

மாரா

*

உடுவில்
13.10.2025

மாரா,

சுகமாக வந்து சேர்ந்தேன். உமது மகன் சுன்னாகம் வரைக்கும் கொண்டுவந்து விட்டது அதிகப்படியான செயல், பஸ்ஸில் வந்திருப்பேன். சேலைக் கரையில் உப்புப் பூத்துவிட்டது. இரண்டு தரம் அலசியும் போகவில்லை. செருப்பு முடிந்தது. கட்டித் தந்த மீனை ஞானம் இல்லாமல் வாங்கிக்கொண்டு வந்தேன். புரட்டாதிச் சனி என்பது மறுநாள்தான் நினைவு வந்தது. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். கோபிக்க வேண்டாம்.

அன்றைய நாள் எனக்கு இன்னும் முழுதாக விடியவில்லை. காலையில் பருத்தித்துறைக்குப் பஸ்ஸில் வரும்போதே வெயில் ஒரு மாதிரிப் பால் நிறமாக இருந்தது. கரைக்கு வந்தபோது நீர் எழுதியது போலவே, கடலுக்கும் வானத்துக்கும் நடுவில் கோடு இல்லை. எல்லாம் எங்கோ பார்த்தது போல இருந்தது. நான் அந்தக் கரைக்கு முன்பு வந்ததே இல்லை.

கொட்டிலுக்குப் பின்னால் நாங்கள் நின்றபோது அங்கே இருந்த கிழவர் என் வெள்ளைச் சேலையைப் பார்த்துவிட்டு, "ஆரிது, கொன்வென்றிலையிருந்து மதரைக் கூட்டிக்கொண்டு வந்திட்டியளோ?" என்று கேட்டாரே. நீர் உடனே, "ஓமணை, பேர் தவறாய்ச் சொன்னா அடிப்பா, கவனம்" என்றீர். எனக்குச் சிரிப்பு வந்தது. அதை நான் காட்டவில்லை என்று நினைத்தேன். லெனாட் கண்டுவிட்டார்.

எழுத்துகளைப் பார்த்தேன். நீலத்தில் இரண்டு பக்கமும். அளவு சரி, இடைவெளி சரி. வலப்பக்கத்து "ரா" கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. அடுத்த முறை பெயின்ற் அடிக்கும்போது திருத்தச் சொல்லும்.

ஏறமாட்டேன் என்ற இருவரில் ஒருவர் ஏறினார். மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு கரையிலேயே நின்றார். அது அவருடைய உரிமை. அவரோடு கதைக்காமல் விட்டுவிடாதேயும்.

போட் மிதந்தபோது உமது மகன் என்னைத் திரும்பிப் பார்த்தார். முன்னால் நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஒருத்தி மற்றவளிடம், "உவவோ கூப்பிடப் போறா?" என்றாள். எனக்குக் கால் நகரவில்லை. ஆயிரம் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பேசியவள் நான். நீர் என் முழங்கையைத் தொட்டீர். தள்ளவில்லை. தொட்டீர். தண்ணீர் முழங்கால் வரைக்கும் வந்த பிறகுதான் நான் நடந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

முதல் தரம் கூப்பிட்டபோது சத்தம் வரவில்லை. யாருக்கும் கேட்டிராது. அந்தப் பெயரை நான் கடைசியாக வாய்விட்டுச் சொன்னது மதரின் அறையில். அன்றைக்கு அது எவ்வளவு இலேசாக வந்தது.

இரண்டாம் தரம் சரியாகக் கூப்பிட்டேன். அலை திரும்பிப் போகும் நேரம் என்பதால் சத்தம் தூரத்துக்குப் போயிற்று. போட்டில் நின்றவர்கள் வாயைத் திறந்தார்கள். அதற்கு முன்னால், எனக்குப் பின்னால், தண்ணீருக்குள், வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளையின் குரலில் நீர் "ஓம்" என்றீர்.

நான் திரும்பினேன். போட் எப்போது போனது, இயந்திரம் எப்போது இயங்கியது என்று எனக்குத் தெரியாது. எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் உமது முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இடது புருவத்துக்கு மேலே ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. அது எப்போது வந்தது, மாரா? கேட்க மறந்துபோனேன்.

ஞானாம்பிகை